ஆடும் பெண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் தீட்டு

2021 டிசம்பரில் மும்பை அந்தேரியில் உள்ள ஒரு பாருக்குள் போலீஸ் நுழைந்தது. ஆடுகிற பெண்கள் யாரையும் காணோம். பல மணி நேரம் தேடிய பிறகு, மேக்கப் அறையின் சுவரில் பதித்திருந்த பெரிய கண்ணாடியை உடைத்தார்கள். அதன் பின்னால் ஒரு வழி, வழியின் முடிவில் ஒரு மறைவறை. அதற்குள் 17 பெண்கள் இருந்தார்கள். மறுநாள் செய்திகளில் அவர்கள் 'மீட்கப்பட்டார்கள்'.

எதிலிருந்து மீட்டார்கள்? அந்தப் பெண்களைச் சுவருக்குப் பின்னால் தள்ளியது பார் முதலாளி மட்டுமல்ல. அவர் கையில் இருக்கும் உரிமமும்தான். மும்பையில் இதுபோன்ற பார்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 'ஆர்க்கெஸ்ட்ரா' உரிமம். அதன்படி மேடையில் நின்று பாடலாம், ஆடக்கூடாது. உடம்பு தாளத்துக்கு அசைந்தால் குற்றம். எந்த அசைவு பாட்டைச் சேர்ந்தது, எது நடனத்தைச் சேர்ந்தது என்பதை அன்றைய ரவுண்டில் வரும் அதிகாரி முடிவு செய்வார். மாமூல் எங்கே பிறக்கிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் என்றால் நமக்கு அது ஒரு அலுவலக விஷயம். கட்டணம், படிவம், முத்திரை. சாதி ஒழிப்பு பேசுகிற நாம் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். மும்பையின் டான்ஸ் பார் உரிமக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், நம் ஊர் ஊராட்சியில் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்ற கதைக்கு அது ரொம்பத் தூரமில்லை என்று புரியும்.

2005 மார்ச்சில் மகாராஷ்டிராவின் அன்றைய உள்துறை அமைச்சர் ஆர்.ஆர்.பாட்டீல் டான்ஸ் பார்களை மூடப்போவதாக அறிவித்தார். இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், குடும்பங்கள் சிதைகின்றன என்பது காரணம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி தடை நடைமுறைக்கு வந்தது. சுதந்திர நாள்! பம்பாய் போலீஸ் சட்டத்தில் 33ஏ, 33பி என இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 33ஏ, சாப்பாட்டுக் கடைகளிலும் பார்களிலும் எந்த வகை நடனமும் கூடாது என்றது. மீறினால் 3 ஆண்டு சிறை. 33பி, மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், உறுப்பினர் மட்டும் நுழையும் ஜிம்கானா கிளப்புகளுக்கும் விலக்குத் தந்தது. சுற்றுலாவை வளர்க்க வேண்டுமாம்.

இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஆட்டம் அதே ஆட்டம். ஆடுவதும் பெண்தான். பார்க்கிறவன் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து ஓரிடத்தில் அது கலை, இன்னோரிடத்தில் அது சீரழிவு. அரசு இதை வெட்கமில்லாமல் நீதிமன்றத்திலும் வாதிட்டது. 2006 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2013 ஜூலை 16 அன்று, தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீரும் நீதிபதி எஸ்.எஸ்.நிஜ்ஜாரும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. மேல்தட்டுக்காரர் ரசித்தால் வெறும் பொழுதுபோக்கு, ஏழை ரசித்தால் ஒழுக்கக்கேடு என்ற அனுமானத்தைத் தங்களால் ஏற்க முடியாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். தடையால் வேலையிழந்த பெண்களில் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

அரசு என்ன செய்தது? 2014இல் சட்டத்தைத் திருத்தி, நட்சத்திர விடுதிக்கான விலக்கை நீக்கிவிட்டு, தடையை எல்லோருக்கும் ஆக்கியது. சமத்துவம் வேண்டும் என்று கேட்டால், இருப்பவனிடமிருந்தும் பிடுங்கிவிட்டு இதோ சமத்துவம் என்று காட்டுகிற தந்திரம். சட்டமன்றத்தில் எதிர்ப்புக் குரல் இல்லாமல் நிறைவேறியது. விவசாயிகள் தற்கொலையில் ஒன்றுசேராத கட்சிகள், ஆடுகிற பெண்ணை அடக்குவதில் கைகோத்தன. அதற்கும் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

இனி நேரடியாகத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் வந்ததுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பெயரிலேயே 'பெண்களின் கண்ணியப் பாதுகாப்பு' இருக்கிறது. இது நடனத்தைத் தடை செய்யவில்லை. உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. நிபந்தனைகள்: வழிபாட்டிடத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உரிமம் கேட்பவர் 'நன்னடத்தை' உள்ளவராக இருக்க வேண்டும். ஆடுகிற அறையில் மது கூடாது. சிசிடிவி கேமரா கட்டாயம்.

மும்பையில் ஒரு கிலோமீட்டர்! தெருமுனைக்கு ஒரு கோயிலும் சந்துக்கு ஒரு பால்வாடியும் இருக்கிற ஊரில் அப்படி ஓர் இடத்தைக் கடலுக்குள்தான் தேட வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் கோயிலுக்கும் பள்ளிக்கும் மதுக்கடைக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் 50 மீட்டர். மற்ற ஊர்களில் 100 மீட்டர். அரசே நடத்தும் சாராயக் கடைக்கு 50 மீட்டரில் அடங்கிவிடுகிற புனிதம், ஆடும் பெண் என்று வந்தால் 1,000 மீட்டருக்கு விரிகிறது. மீட்டர் போட்டு அளக்கிற இந்தத் தூரத்தை நம் தாத்தா பாட்டிகள் வேறு பெயரில் அறிவார்கள். இன்ன சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு இது. கணக்கு அப்படியே இருக்கிறது, அளவுகோல் மட்டும் மாறியிருக்கிறது.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள், அந்த மேடைகளில் ஆடியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தடை வந்தபோது வேலையிழந்த பெண்கள் 75,000 பேர் என்றது அவர்களின் சங்கம். எண்ணிக்கையில் வாதம் இருக்கலாம், சாதியில் இல்லை. வறுமையால் வந்த எல்லாச் சாதிப் பெண்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் பெரும்பங்கு பேடியா, நட், டேரேதார், கோல்ஹாட்டி போன்ற, தலைமுறை தலைமுறையாக ஆடவும் பாடவும் விதிக்கப்பட்ட சமூகங்களின் பெண்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிர கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஜமீன்தார் முற்றத்தில் ஆடியவர்களின் பேத்திகள் டோம்பிவிலியிலும் செம்பூரிலும் இந்திப் பாட்டுக்கு ஆடினார்கள். இந்தச் சாதித் தொடர்ச்சியை விரிவாக ஆராய்ந்து சமீனா தல்வாய் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இவர்களில் நட், பேடியா போன்றோர் 1871ஆம் ஆண்டு குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் வெள்ளைக்காரனால் 'பிறவிக் குற்றவாளி' என்று பட்டியலிடப்பட்டவர்கள். போலீசில் பெயர் பதிவு, ஆஜர், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. 1952இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. போலீஸ் பார்வை ஒழியவில்லை. இப்போது அதே காவல் நிலையம், ஒருவருக்கு 'நன்னடத்தை' இருக்கிறதா என்று சான்று தர வேண்டுமாம். இன்று உரிமம் வாங்குபவர்களில் பலர் கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த ஷெட்டி முதலாளிகள், அவர்களுக்குச் சான்று எப்படியும் கிடைத்துவிடும். நாளை ஒரு பேடியா பெண் சேர்த்துவைத்த பணத்தில் தானே ஒரு கடை போட வந்தால் அந்த வரி யார் கழுத்தை நெரிக்கும்?

நல்லவேளையாக, 2019 ஜனவரி 17 அன்று நீதிபதிகள் ஏ.கே.சிக்ரியும் அசோக் பூஷணும் இந்த நிபந்தனைகளில் பலவற்றை வெட்டினார்கள். ஒரு கிலோமீட்டர் போனது. நன்னடத்தை போனது, அது எதையும் குறிக்காத தெளிவற்ற சொல் என்றார்கள். கேமராவும் மதுத் தடையும் போயின. மாலை 6 முதல் இரவு 11.30 வரை என்ற நேரக் கட்டுப்பாடு நின்றது. டிப்ஸ் கொடுக்கலாம், நோட்டை வாரி இறைக்கக்கூடாது என்றார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. பெண்ணின் தலைமேல் பணம் கொட்டுவது ஜமீன்தாரின் பழக்கம், தொழிலாளிக்குத் தருகிற கூலி அல்ல. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், பணம் வங்கிக் கணக்கில் போக வேண்டும் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது.

இதற்குப் பிறகும் 2021இல் 17 பெண்கள் சுவருக்குப் பின்னால்தான் இருந்தார்கள். தீர்ப்பு ஒன்று, உரிமம் தருகிற மேசை இன்னொன்று. 2022 பிப்ரவரியில் இன்னும் ஒரு தீர்ப்பு வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் என்று போலீஸ் வைத்திருந்த உச்சவரம்பைப் பாலினப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மொத்தம் எட்டுப் பேர், அதில் எத்தனை பெண்கள் என்று குழுவே முடிவு செய்யட்டும் என்றது. ஒரு மேடையில் ஐந்தாவதாக ஒரு பெண் ஏறுவதற்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இனி, நமக்குள் பேச வேண்டிய சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 2005இல் தடையை ஆதரித்தவர்களில் சனாதனிகள் மட்டும் இல்லை. தலித் பெண்ணிய அமைப்புகள் சிலவும் ஆதரித்தன. அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: ஒரு சாதியில் பிறந்த ஒரே காரணத்தால் ஒரு பெண் ஆட அனுப்பப்படுகிறாள். அதை 'தேர்வு' என்றும் 'தொழில் உரிமை' என்றும் சொல்ல மேல்சாதிப் பெண்ணியவாதிக்கு என்ன உரிமை? அவர் மகள் அங்கே ஆடுவாளா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது. 1936இல் அண்ணல் அம்பேத்கர் மும்பை தாமோதர் மண்டபத்தில் காமாத்திபுரா பெண்களிடமும், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களிடமும் பேசினார். இந்த வாழ்க்கையை விட்டுவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிழைக்க வழி என்ன என்று கேட்பீர்கள், நூறு வழி உண்டு, அதை நான் சொல்லப்போவதில்லை என்ற பொருளிலும் பேசினார். இளம் வாசகர்கள் பலருக்கு அந்தப் பேச்சு இன்று கடுமையாகத் தெரியலாம். எனக்கும் தெரிகிறது.

ஆனால் யார், யாரிடம், எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார் என்பதைப் பார்க்க வேண்டும். மதமாற்ற அறிவிப்பைச் செய்துவிட்டு, தன் மக்களிடம், தன் மக்களில் ஒருவராக, சுயமரியாதைக்கு அழைத்தார். அவர் கையில் லத்தி இல்லை. 2005இல் பேசியது அரசு. நிலம் தர, வேலை தர, பிள்ளைகளுக்கு விடுதி கட்ட அதிகாரமும் கஜானாவும் உள்ள அரசு. அதையெல்லாம் செய்யாமல் கதவைப் பூட்டி, பெண்களை வீதியில் விட்டு, அதைக் கண்ணியம் என்றது. ஒரு சாதித் தொழிலை ஒழிப்பது என்றால் அந்தச் சாதிப் பெண்ணுக்கு வேறு பத்துக் கதவுகள் திறப்பது. இருந்த ஒரு கதவை அடைத்தால் ஒழிவது அவள் கூலி மட்டும்தான். அவள் சாதி அவளோடுதான் ரயிலேறி ஊருக்குப் போகிறது. தடைக்குப் பிறகு அந்த ஊர்களில் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு என்ன ஆனது என்று தலித் தோழர்களும் கேட்க வேண்டும், தொழில் உரிமை பேசும் தோழர்களும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நமக்கு இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பெண் குழந்தையைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது வேண்டியிருந்தது. ஆனால் அதே பத்தாண்டுகளில் இன்னொன்று நடந்தது. சதிர் என்று இழிவாகப் பேசப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் ஆகி, சபாக்களில் ஏறி, பார்ப்பன வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமானது. தலைமுறையாக அதைக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்கள், ஒருசிலர் தவிர, மேடையிலிருந்து காணாமல் போனார்கள். கெட்டது ஆட்டமா, ஆடியவளின் பிறப்பா? 33பி பிரிவு அறுபது ஆண்டு கழித்து எழுதியது, நம் ஊர் சபாக்கள் முன்பே எழுதாமல் எழுதிய விதியைத்தான்.

அப்படியானால் உரிமமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. உரிமம் இல்லாத இடத்தில் முதலாளியின் ராஜ்ஜியம்தான் நடக்கும். கேள்வி, உரிமம் யாரைக் காப்பதற்கு எழுதப்படுகிறது என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுபோன்ற நடன விடுதிகளுக்கும் பாலியல் பொருள் கடைகளுக்கும் உரிமம் தருவது போலீஸ் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம். 1982ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளுக்கு வந்தது, 2009இல் நடன விடுதிகளையும் சேர்த்தார்கள். அங்கும் 'பகுதியின் தன்மை' என்ற வழுக்கலான காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். ஒரு பகுதிக்கு உகந்த எண்ணிக்கை இவ்வளவு என்று மன்றம் முடிவு செய்யலாம், அது பூஜ்யமாகவும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ மாநகர மன்றம் 2022இல் அப்படித்தான் பூஜ்யம் என்று முடிவெடுத்தது. முதலாளிகளோடு ஆடும் பெண்களின் தொழிற்சங்கமும் நீதிமன்றம் போனது. 2023 பிப்ரவரியில் அந்த முடிவு சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. பூஜ்யம் போட்டவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், பெண்கள் பாதுகாப்பு என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் தன் வேலையை மூடுகிற முடிவைத் தன் சங்கத்தின் பெயரில் ஒரு பெண் எதிர்த்து நிற்க அங்கே இடம் இருந்தது.

மும்பைச் சட்டத்தில் ஆடும் பெண் எங்கே இருக்கிறாள்? தலைப்பில், 'கண்ணியம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில். உரிமம் முதலாளிக்கு, சோதனை போலீசுக்கு, ஆட்சேபணை அக்கம்பக்கத்தாருக்கு. தொழிலாளியாக அவளுக்கு வங்கிக் கணக்கு விதி ஒன்று கிடைத்தது, அதுவும் உரிமமே கிடைக்காத ஊரில் காகிதமாக இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவளை மேடையேற்றினால் உரிமம் அன்றே ரத்து என்று எழுதுங்கள், யார் வேண்டாம் என்கிறார்கள்? இரவு வீடு போக வண்டி, உடை மாற்றப் பூட்டுள்ள அறை, வருங்கால வைப்பு நிதி, 2013 சட்டப்படியான பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு, அதில் ஆடுகிற பெண்களின் பிரதிநிதி. உரிமம் புதுப்பிக்கும்போது கடையின் கடனும் பிடித்தமும் பற்றி அந்தப் பெண்களை முதலாளி இல்லாத அறையில் கேட்கலாம். கோயில் எத்தனை மீட்டர் என்று நாடா பிடிக்கிற நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

மும்பைக் கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்கு நம் ஊரில் ஒரு காரணம் உண்டு. சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் கோயில் திருவிழாவுக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுக்கள் குவியும். போலீஸ் மறுக்கும், விழாக் கமிட்டி வழக்குப் போடும், நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதிக்கும். ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டுக் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் மேடையிலேயே நிறுத்தலாம். அந்த வழக்குகளில் மனுதாரர் ஊர்ப் பெரியவர், எதிர்மனுதாரர் காவல் ஆய்வாளர். வேனில் வந்து, மேடைக்குப் பின்னால் சேலையை மறைப்பாகப் பிடித்து உடைமாற்றி, போதையில் மேடையேறுகிறவனைத் தள்ளிவிட்டு ஆடி, விடியற்காலையில் கூலியில் பாதியை ஏஜென்டிடம் விட்டுவிட்டுப் போகிற பெண் அந்தக் காகிதத்தில் எந்த இடத்திலும் இல்லை. வரும் பருவத்தில் நம் இயக்க வழக்கறிஞர்கள் ஒரே ஒரு வழக்கிலாவது அவளைத் தரப்பாகச் சேர்க்கச் சொல்லி இடையீட்டு மனு போடட்டும். உடைமாற்ற ஓர் அறையும், மேடையைச் சுற்றிக் காவலும், முன்கூட்டியே கையில் கூலியும் அனுமதியின் நிபந்தனையாக வேண்டும் என்று கேட்கட்டும். நீதிபதி என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.